சமாதானத்துக்கு அடுத்த பாட்டு

எங்கள் கோவிலில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது பங்குச் சாமியாருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பத்தொன்பது வருஷமாக ஞாயிறு பூசைக்குக் கீபோர்டு வாசிக்கிறேன். பீடத்துக்கு இடது பக்கம், இரண்டு படி உயரத்தில், சனங்களைப் பார்த்தபடி பாடகர் குழுவின் இடம். பரலோக மந்திரம் முடிந்ததும் சாமியார் எல்லோரையும் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லச் சொல்வார். பக்கத்தில் நிற்கிறவர் பக்கம் திரும்பிக் கை கூப்ப வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சில நொடிகளில் எந்தத் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்தத் தலை திரும்பாமல் ஜாக்கிரதையாக இருக்கிறது என்று மேலேயிருந்து பார்த்தால் போதும். சிதறால் மலைக்குக் கீழே இருக்கும் எங்கள் ஊரின் வேலித் தகராறு, கல்யாணத்துக்குக் கூப்பிடாத கோபம், வாட்ஸப் சண்டை எல்லாம் தெரிந்துவிடும்.

எவ்வளவு நேரம் சமாதானம் சொல்லலாம் என்பதும் என் கையில்தான் இருக்கிறது. அடுத்து வருவது செம்மறிப் பாட்டு. அதற்கு நான் முதல் கட்டையைத் தொட்டதும் எல்லோரும் கையை இறக்கிவிட்டுப் பீடத்தைப் பார்ப்பார்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணிவிட்டுத் தொடுவது என் வழக்கம். நான் யாருக்கும் சமாதானம் சொன்னதில்லை. கை இரண்டுக்கும் வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொள்வேன். வசதியான காரணம். மற்ற நாட்களில் முக்கில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பெயர் சகாயம்.

நான் சொல்ல வந்தது மெற்றில்டா அக்காவைப் பற்றி.

மெற்றில்டா அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. புருஷன் இறந்து பத்து வருஷம் ஆகிறது. ஒரே மகன் டெனிஷ். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிப் பருப்புக் கம்பெனியில், முழுப் பருப்பையும் உடைந்த பருப்பையும் தரம் பிரிக்கிற வேலை. இருபத்தாறு வருஷத்தில் ஒரு பருப்பைக்கூட அவள் வாயில் போட்டதில்லை. சூப்பர்வைசரே வாயில் போட்டுக்கொண்டு போகும்போது அவளைக் கண்டால் மெல்லுவதை நிறுத்திவிடுவான் என்று சொல்வார்கள்.

பிரசங்கத்தில் கேட்டதை நாமெல்லாம் கோவில் வாசலிலேயே விட்டுவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போகிறோம். அவள் அதை வீட்டுக்கு எடுத்துப் போகிறவள். மழையில் குடை கேட்டவளுக்குக் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்து போனாள். திருப்பிக் கேட்கவும் இல்லை. அந்தக் குடை யார் வீட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு ஆடு வாழைக்கன்றைக் கடித்தபோது ஆடு தின்னட்டும் என்று மீதிக் கன்றையும் வெட்டி அந்த வீட்டிலேயே கொண்டு போய்ப் போட்டாள். அந்த வீட்டுக்காரி அதைச் சண்டைக்கு அச்சாரம் என்று நினைத்து ஒரு மாதம் கதவைச் சாத்தியே வைத்திருந்தாள். இப்படிப்பட்டவர்களோடு ஒரே ஊரில் இருப்பது லேசான காரியம் இல்லை. நம்மை ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனாலும் நமக்கு உறுத்தும்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு ஆளோடு பேச்சு இல்லாமல் இருந்தது. அண்ணன் ஆன்ட்ரூஸின் மனைவி ரோஸ்லெட். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் தோட்டம்தான். மைனி, மைனி என்று அண்ணியைத் தேடி ஒரு காலத்தில் ஒரு நாளைக்கு நாலு தடவை அந்தத் தோட்டத்தைக் கடந்தவள் மெற்றில்டா.

பேச்சு நின்றதற்குக் காரணம் ஒரு செபம். எங்கள் பக்கத்தில் முப்பது வீடு சேர்ந்தால் ஓர் அன்பியம். வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபம் சொல்லி, வாசகம் வாசித்து, கடைசியில் ஒவ்வொருவரும் தங்கள் மன்றாட்டை உரக்கச் சொல்வார்கள். மற்றவர்கள் ஒரே குரலில் பதில் சொல்வார்கள். டெனிஷ் அப்போது குடித்துக்கொண்டிருந்தான். ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும், ஆனால் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவனுக்குக் களியக்காவிளைப் பக்கத்தில் ஒரு பெண் பார்த்துப் பேச்சு முடியும் தறுவாயில் இருந்தது. அந்த வாரம் அன்பியம் நடந்த வீட்டில் பெண்ணின் சித்தி விருந்துக்கு வந்திருந்தாள். அது ரோஸ்லெட்டுக்குத் தெரியாது. முறை வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு மனம் உருகிச் சொன்னாள்.

"ஆண்டவரே, எங்க டெனிஷ் மோன் குடிச்சுக் குடிச்சு ஒடம்பு கெட்டுப் போறான். அவனுக்க அம்மைக்கக் கண்ணீரப் பாரும். அவன அதுலேருந்து விடுவியும்."

எல்லோரும் பதில் சொன்னார்கள். பெண்ணின் சித்தியும் சொன்னாள். மறுநாள் பெண் வீட்டிலிருந்து போன் வந்தது.

ரோஸ்லெட் கெட்டவள் இல்லை. செபத்தில் பொய் சொல்லக் கூடாது என்று நினைத்தாள், அவ்வளவுதான். ஆண்டவருக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயத்தை முப்பது பேர் காது கேட்கச் சொல்ல வேண்டாம் என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆனால் மெற்றில்டாவுக்கு அது ஆறவில்லை. "குடிகாரன்னு தெருவுல நின்னு விளிச்சிருந்தா நான் பொறுத்திருப்பேன். செபத்துல பறஞ்சாளே" என்றாள் என் மனைவியிடம். மூன்று வருஷம் ரப்பர் தோட்டத்தின் நடுவே போன ஒற்றையடிப் பாதையில் புல் முளைத்துக் கிடந்தது. ரோஸ்லெட் இரண்டு முறை வந்து வாசலில் நின்றதாகவும் கதவு திறக்கவில்லை என்றும் பிறகு கேள்விப்பட்டேன்.

அதன் பிறகு, ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்து ஞாயிறு ஒன்றில்தான் அது நடந்தது. ரோஸ்லெட் பிந்தி வந்தாள். பெண்கள் பக்கத்தில் எல்லா பெஞ்சும் நிறைந்திருந்தது. நாலாவது வரிசையில், மெற்றில்டாவுக்கு வலது பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் இடம் இருந்தது. ரோஸ்லெட் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு அங்கே வந்து உட்கார்ந்தாள்.

சமாதான நேரம் வந்தது. நான் எண்ணத் தொடங்கினேன். ரோஸ்லெட் இடது பக்கம் முழுசாகத் திரும்பினாள். கை கூப்பினாள். மெற்றில்டா குனிந்தாள். பெஞ்சுக்கடியில் எதையோ தேடுகிறவள் போல முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தே இருந்தாள். ரோஸ்லெட் கையை இறக்கவில்லை. அந்த வரிசையில் எல்லோரும் சமாதானம் சொல்லி முடித்துவிட்டார்கள். இவள் மட்டும் குனிந்த முதுகைப் பார்த்துக் கை கூப்பிக்கொண்டு நின்றாள். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஆறு எண்ணியிருப்பேன், பத்து ஆகவில்லை. கட்டையைத் தொட்டுவிட்டேன். தொட்ட அதே நொடியில் மெற்றில்டாவின் தலை நிமிர்ந்தது. பாட்டு தொடங்கியிருந்தது. ரோஸ்லெட் பீடத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ரோஸ்லெட் அடுக்களையில் விழுந்தாள். தலையில் ரத்தக் குழாய் வெடித்ததாம். நாகர்கோவில் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

சவப்பெட்டியில் கையை நெஞ்சின் மேல் கூப்பி வைத்து ஜெபமாலையால் சுற்றி வைப்பது எங்கள் வழக்கம். எத்தனையோ சாவு வீட்டில் பார்த்திருக்கிறேன், ஒன்றும் தோன்றியதில்லை. அன்று மெற்றில்டா ரப்பர் தோட்டம் வழியாகப் புல்லை மிதித்துக்கொண்டு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் அந்தக் கையைப் பார்த்தேன். அவளும் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். அழவில்லை. ரோஸ்லெட்டின் ஒரே மகள் ஸ்மிதா மஸ்கட்டில் நர்ஸ். லீவு கிடைக்காமல் வீடியோ காலில் அழுதுகொண்டிருந்தாள். யாரோ அந்தப் போனைப் பெட்டிக்கு மேலே பிடித்திருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு மெற்றில்டா அதே நாலாவது வரிசையில், அதே இடத்தில் உட்கார்ந்தாள். வலது பக்கம் ஓர் ஆள் இடம் விட்டிருந்தாள். சமாதான நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பி, காலி இடத்தைப் பார்த்துக் கை கூப்பினாள். நான் பத்து எண்ணினேன். அவள் கையை இறக்கவில்லை. பன்னிரண்டில் வாசித்தேன்.

அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்க வரிசை நகர்ந்தபோது அவள் எழுந்திருக்கவில்லை. நாள் தவறாமல் நன்மை வாங்கியவள். காணிக்கை கொண்டுவரும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் சமாதானமாகு என்கிற வாசகத்தை நானும் நூறு முறை கேட்டிருக்கிறேன். எனக்கு அது ஒரு வாசகம். அவளுக்கு அது வழி மறித்து நின்றது. சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்டு மன்னிப்பும் கொடுத்தாராம். "சாமி மன்னிச்சாச்சு. மைனி மன்னிக்கணும்லா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அந்த இடத்தில் யாரும் உட்காருவதில்லை. ஒரு முறை வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண் உட்காரப் போனாள். மெற்றில்டா பஸ்ஸில் சொல்வது போல அமைதியாகச் சொன்னாள்.

"அங்க ஆளுண்டு."

அந்தப் பெண் வேறு வரிசைக்குப் போய்விட்டாள். பின் பெஞ்சுப் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அன்று நான் இருபது எண்ணியும் கட்டையைத் தொட முடியவில்லை. ஒருத்தி கையை இறக்கவில்லை, இன்னொருத்தி இன்னும் திரும்பவில்லை, நான் எப்படித் தொடங்குவது என்று ஓர் எண்ணம். யார் அந்த இன்னொருத்தி என்று கேட்டுக்கொண்டபோது எனக்கே பயமாக இருந்தது. பூசை முடிந்து சாமியார் கூப்பிட்டு, "சகாயம், சமாதானம் வர வர நீளுது. கீபோர்டு உறங்கிப் போவுதா?" என்றார். கரண்டு லேசாக விட்டுவிட்டு வருகிறது என்று பொய் சொன்னேன்.

இதற்கிடையில் டெனிஷ் குடியை விட்டான். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, தியானத்துக்குப் போகவில்லை. ரோஸ்லெட்டின் நாற்பதாம் நாள் பூசை முடிந்த வாரம் சும்மா விட்டான். கேட்டவர்களிடம், "பிடிக்கல்ல, அவ்வளவுதான்" என்றான். ஊரே சந்தோஷப்பட்டது. மெற்றில்டா மட்டும் இளைத்துக்கொண்டே போனாள். ஒரு நாள் என் மனைவியிடம் அவள் சொன்னதை நான் அடுத்த அறையிலிருந்து கேட்டேன்.

"அவ கேட்டது கெடச்சிட்டு, பாத்தியா. எந்தச் செபத்துக்காவ நான் அவகூட மிண்டாம இருந்தேனோ, அந்தச் செபம் பலிச்சிட்டு. எனக்க மோன் ராத்திரி நேரத்துக்கு வந்து சோறு கேக்கான். நான் வெளம்புகேன். வெளம்பும்போ அவ செபம் எனக்கக் காதுல கேக்குது."

இரண்டு வருஷம் இப்படியே போனது. போன ஆவணியில் டெனிஷுக்கு அஞ்சுகிராமத்தில் பெண் அமைந்தது. கல்யாணப் பூசை எங்கள் கோவிலில். அதற்கு ஒரு வாரம் முன்னால் மெற்றில்டா அக்கா ஒரு மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தாள். மிக்ஸியில் ஒரு கோளாறும் இல்லை. போட்டுப் பார்த்ததும் ஓடியது.

"சகாயம், நீ மேலேருந்து எல்லாம் காணுவல்லா?"

"என்னத்தக்கா?"

"சமாதானம் சொல்லும்போ. அந்தத் தபசு ஞாயிறு. நான் குனிஞ்சிட்டேன், நான் காணல்ல. மைனி எனக்க பக்கம் திரும்பினாளா? இல்ல சும்மா முன்னால பாத்துக் கூப்பினாளா?"

நான் ஸ்குரூ டிரைவரை எடுத்துத் தேவையில்லாமல் மிக்ஸியின் அடியைக் கழற்றினேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"கல்யாணத்துக்கு மாப்பிளைக்க அம்ம நன்மை வாங்காம இருந்தா ஆளுக பறயும். பறயட்டும், எனக்கு அது ஒண்ணுமில்ல. ஆனா எனக்கு வாங்கணும்னு கொதியா இருக்கு. அவ திரும்பல்லன்னா நான் யாரையும் தள்ளல்ல. நான் போயி வாங்குவேன். நீ கண்டதச் சொல்லு."

இல்லை, முன்னால் பார்த்துத்தான் கூப்பினாள் என்று சொல்லியிருந்தால் போதும். நேர் எதிரேயிருந்து பார்த்த சாட்சி நான் ஒருவன்தான். பின் பெஞ்சுக்காரிகள் பார்த்தது முதுகு. பாதி மனது அதைச் சொல்லத் தயாராக இருந்தது. ஆனால் பொய்ச் சாட்சி சொல்லி ஒருத்திக்கு நன்மை வாங்கிக் கொடுப்பது என்ன மாதிரி காரியம்? அதுவும் ஒரு பருப்பைக்கூட வாயில் போடாதவளுக்கு?

"திரும்பினா அக்கா. முழுசாத் திரும்பினா. கையை எறக்கவே இல்ல" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். உடனே நான் இரண்டு வருஷமாக விழுங்கி வைத்திருந்ததையும் சொன்னேன். "தப்பு எனக்க பேருலயும் உண்டு. பத்து எண்ணணும். நான் ஆறுலேயே வாசிச்சேன். நீங்க நிமிந்தத நான் பாத்தேன். நாலு செக்கன்ட் நான் பொறுத்திருந்தா நீங்க கை கூப்பியிருப்பிய."

இதைச் சொன்னால் அவளுக்கும் ஆறுதல், எனக்கும் பாரம் இறங்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பரிதாபப்பட்டுப் பார்த்தாள்.

"நீ அத எடுத்துத் தலைல வைக்காத மக்கா. நான் நிமிந்தது, அவ அங்ஙோட்டுத் திரும்பியாச்சான்னு பாக்கதுக்கு. நீ நூறு எண்ணியிருந்தாலும் நான் அன்னைக்குக் கூப்பியிருக்க மாட்டேன்."

மிக்ஸியை வாங்கிக்கொண்டு போனாள். நான் அடித்தட்டின் ஸ்குரூவைச் சரியாக முடுக்கவில்லை என்பது அவள் போன பிறகுதான் ஞாபகம் வந்தது.

கல்யாணத்தன்று அஞ்சுகிராமத்துக்காரர்கள் இரண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மெற்றில்டா முதல் பெஞ்சில் பட்டுச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். அங்கேயும் வலது பக்கம் ஓர் ஆள் இடம் விட்டிருந்தாள். மஸ்கட்டிலிருந்து ஸ்மிதா வந்திருந்தாள். அம்மாவின் சாவுக்கு வர முடியாதவள் மாமி மகன் கல்யாணத்துக்கு வந்ததே அப்பா ஆன்ட்ரூஸின் கட்டாயத்தால்தான். தூணுக்குப் பின்னால் நின்றவளை வீடியோக்காரன், "ஃபேமிலி எல்லாம் முன்னால வாங்க, இடம் கெடக்குல்லா" என்று கையைப் பிடிக்காத குறையாகக் கொண்டுவந்து அந்தக் காலி இடத்தில் நிறுத்திவிட்டான். மெற்றில்டா ஆளுண்டு என்று சொல்லவில்லை. வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். ஸ்மிதாவுக்கு அப்படியே ரோஸ்லெட்டின் உயரம், அந்தத் தோள். மேலேயிருந்து பார்த்த எனக்குக் கட்டைகள் ஒரு நிமிஷம் தெரியாமல் போயின.

சமாதானம் சொல்லச் சொன்னார் சாமியார். மெற்றில்டா வலது பக்கம் திரும்பிக் கை கூப்பினாள். ஸ்மிதா குனிந்தாள். கைப்பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினாள்.

அந்தத் தபசு ஞாயிறைப் பற்றி ஸ்மிதாவுக்கு ஊரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

நான் எண்ணவில்லை. கையைக் கட்டையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பொண்ணும் மாப்பிள்ளையும் சொல்லி முடித்தார்கள். அஞ்சுகிராமத்துக்காரர்கள் சொல்லி முடித்தார்கள். கோவிலில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. சாமியார் என்னைப் பார்த்தார். பாடகர் குழுப் பெண் என் தோளை இடித்தாள். வீடியோக்காரனின் லைட் மெற்றில்டாவின் கையில் விழுந்து நின்றது. அந்தக் கை இறங்கவில்லை. என் வாழ்நாளில் அத்தனை நீளமான சமாதானத்தை நான் பார்த்ததில்லை.

ஸ்மிதா நிமிர்ந்தாள். மாமி அந்தப் பக்கம் திரும்பிவிட்டாளா என்று பார்க்கத்தான் நிமிர்ந்திருப்பாள். திரும்பவில்லை. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். பையின் ஜிப்பை மூடாமலேயே ஸ்மிதா கையைக் கூப்பினாள், அரைகுறையாக, விரல் நுனி மட்டும் தொடுகிற மாதிரி. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பீடத்தைப் பார்த்தாள். நான் வாசித்தேன். முதல் கட்டை தப்பாக விழுந்தது.

நன்மை வாங்க எல்லோரும் போனார்கள். பொண்ணு, மாப்பிள்ளை, ஸ்மிதா, ஆன்ட்ரூஸ் எல்லோரும். மெற்றில்டா உட்கார்ந்தே இருந்தாள்.

விருந்துப் பந்தலில் அவள் சாம்பார் வாளியோடு வந்தபோது எனக்கு ஆற்றாமையாக இருந்தது. கேட்டுவிட்டேன். "அதான் ஸ்மிதா தந்தாளே அக்கா. பின்ன ஏன் வாங்கல்ல?"

"ஸ்மிதா தந்தது ஸ்மிதாவுக்கது" என்றாள். "நல்ல பிள்ள, தந்தா. மைனிக்கது அங்ஙனயே நிக்குது."

"அதுக்கு இனி என்ன செய்ய முடியும்?"

"ஒண்ணும் செய்ய முடியாது. அவ எனக்கு முன்ன கை கூப்பி நின்னால்லா. நானும் கொஞ்சம் நிக்கேன்." இலையைப் பார்த்து, "சோறு போதுமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.

அடுத்த ஞாயிறு அவள் மறுபடியும் நாலாவது வரிசையில் இருந்தாள். வலது பக்கம் ஓர் ஆள் இடம் இருந்தது. சமாதான நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பிக் கை கூப்பினாள். அவள் நிமிர்ந்ததன் காரணத்தை அவள் சொல்லிவிட்டாள். நான் ஆறிலேயே வாசித்ததன் காரணத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை. கண்ணுக்கு முன்னால் ஒருத்தி கை கூப்பி நின்றாள், அது எனக்குத் தொந்தரவாக இருந்தது, பாட்டை வைத்து மூடிவிட்டேன்.

கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன். பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாகக் கை கூப்பினேன், மெற்றில்டாவுக்கு வலது பக்கம் இருந்த அந்த இடத்தைப் பார்த்து. சாமியார் இருமினார். பிறகு இன்னொரு முறை இருமினார். அந்த இடத்திலிருந்து எனக்கு இன்னும் பதில் வரவில்லை, நான் கட்டையைத் தொடவில்லை.